கல்லடியின் மூன்றாவது மண்டபம்

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் சுருட்டிக் கட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். "மட்டக்களப்புக்கோ? கவனம் ஐயா. அங்க போற ஆக்களைப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம். பிறகு திரும்பி வரமாட்டியள்" என்றார். நான் மதுரைக்காரன், பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன், என்னை ஒட்டவைக்க இந்தத் தீவில் பசை கிடையாது என்றேன். "போன ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவை" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் போன காரியம் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சென்னையில் படித்த காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த கணபதிப்பிள்ளை இப்போது கல்லடியில் பள்ளிக்கூட வாத்தியார். மாஸ்டர் என்றால்தான் அங்கே தெரியும். தெருவிலுள்ள வாலிபர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருக்கிறான். அவர்களுக்கு ஒரு மண்டபம் வேண்டும், கையில் காசு இல்லை, நீ ஓவர்சியர்தானே, வந்து ஒரு பிளான் போட்டுக் கொடு என்று வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான். எனக்கு லீவு கிடைத்தது. செலவில்லாமல் கட்டிடம் கட்டுவது எப்படி என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. புறப்பட்டுவிட்டேன்.

வழியில் தண்டவாளத்தில் எருமைகள் படுத்துவிட்டன. ரயில் நின்றது. கார்டு இறங்கிப் போய்ச் சிங்களத்தில் அவற்றைத் திட்டினார். அவை தமிழ் எருமைகள் போலும், அசையவில்லை. காற்று வாங்க இறங்கிய இரண்டு துரைமார்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "கல்லடிப் பாலத்தின்மேல் சாயங்காலமானால் வாலிபர்கள் வரிசையாக நிற்கிறார்கள். என்னதான் செய்கிறார்களோ?" என்றார் ஒருவர். "தண்ணீருக்குள் மீன் பாடுமாமே, அதைக் கேட்கிறார்களோ என்னவோ" என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். வேலைவெட்டி இல்லாத பயல்கள் என்று நானும் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கணபதிப்பிள்ளையின் வீடு தென்னைகளுக்கு நடுவே, வெள்ளையடித்து, ஓடு போட்டு, நிறைவாக இருந்தது. "உன் வீடு ரொம்ப அழகா இருக்குடா" என்றேன். "எண்ட வீடில்ல மச்சான். அன்னத்திட வீடு" என்றான். அன்னம் அவன் மனைவி. சரி, பெண்டாட்டிக்குப் பயந்தவன், விளையாட்டாகச் சொல்கிறான் என்று நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். அந்த அம்மாள் பித்தளை வட்டாவில் வெற்றிலை கொண்டுவந்து வைத்தார். வட்டா என்பது நம் வெற்றிலைத் தட்டுக்குக் கால் வைத்தது போன்ற ஒன்று. வந்தவருக்கு முன்னால் அதை வைத்தால்தான் பேச்சே தொடங்கும். பிறகு பிட்டு வந்தது, மீன் சொதி வந்தது, கட்டி கட்டியாக எருமைத் தயிர் வந்தது. தண்டவாளத்தில் படுத்திருந்த எருமைகளின்மேல் இருந்த கோபம் எனக்கு அத்தோடு போய்விட்டது.

கோப்பி என்றும் ஒன்று கொடுத்தார்கள். சுக்கும் கொத்தமல்லியும் அதில் காபியைத் தேடவிடாமல் செய்தன. மதுரையில் இதைக் காபி என்று கொண்டுவந்து வைத்தால் கொலை விழும். ஆனால் மூன்றாம் நாள் அதை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் இடத்தைப் பார்க்கப் போனோம். தென்னந்தோப்பைத் தாண்டினால் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இதை இவர்கள் ஆறு என்கிறார்கள். நாங்கள் மணலைக் காட்டி வைகை ஆறு என்கிறோம்; இவர்கள் சமுத்திரத்தைக் காட்டி ஆறு என்கிறார்கள். கரையோரமாக ஒரு துண்டு நிலம். அதை ஒட்டிக் கிடுகு, அதாவது பின்னிய தென்னங்கீற்று, வேய்ந்த ஒரு சின்ன வீடு. அது கணபதிப்பிள்ளையின் அக்காள் வீடு. அந்தத் துண்டு நிலமும் அவர்களுடையதுதான். அக்காள் விதவை. மகன் சாமித்தம்பி, மகள் தங்கம் என்று இரண்டு பிள்ளைகள். சாமித்தம்பி கல்முனைக்குப் பஸ் ஓட்டுகிறவன். சங்கத்துக் காரியதரிசியும் அவன்தான். வேலி ஓரத்தில் சங்கத்தார் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த ஓடுகள் மழை படாமல் அடுக்கி மூடப்பட்டிருந்தன. அந்த அடுக்கை அவன் எனக்கு ஏதோ சாமியைக் காட்டுவது மாதிரி காட்டினான்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து பிளான் போட்டேன். நடுவில் கூடம். இரண்டு பக்கமும் அறை, ஒன்று படிக்க, ஒன்று படுக்க. பின்னால் ஒரு குசினி. அடுக்களையை இவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிமெண்டு கிடையாது, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு போதும். தூணுக்குத் தென்னை. கல்லடியில் இதைவிடச் சல்லிசாக யாரும் கட்ட முடியாது என்று மார்தட்டிக்கொண்டு, சங்கத்து வாலிபர்கள் முன்னால் காகிதத்தை விரித்தேன்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கரைவலை இழுக்கிறவர்கள், கடைச் சிப்பந்திகள், தச்சுவேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு அறைக் கோட்டின்மேலும் விரலை ஓட்டினார்கள். கடைசியில் ஒருவன் பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "நல்ல வீடு."

"வீடு இல்லை ஐயா, மண்டபம்" என்றேன்.

"ஓம் ஐயா. மண்டபம்தான். ஆனா நல்ல வீடு."

கணபதிப்பிள்ளை என் தோளைத் தொட்டான். "மச்சான், இஞ்சால வா. உனக்கு ரெண்டு இடம் காட்ட வேணும்."

தெருக்கோடியில் ஒரு வீட்டின் முன் நிறுத்தினான். முற்றத்தில் ஒரு பெண் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. "இது எங்கட முதலாவது மண்டபம்" என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே, பலமுறை பூசிய வெள்ளைக்கு அடியிலிருந்து, 'வாலிபர் சங்கம்' என்ற எழுத்துகள் இன்னும் புடைத்துக்கொண்டு தெரிந்தன.

"என்னய்யா இது?" என்றேன்.

"என்ன செய்யிற ஐயா," என்றான் கூடவே வந்த சாமித்தம்பி. "கட்டி முடிச்ச கையோட எங்கட சங்கத்துச் செல்லையாட தங்கச்சிக்கு நல்ல இடத்தில கலியாணம் பொருந்தி வந்திச்சி. கல்வீடு இல்லாம மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டம் எண்டிட்டாங்க. குடுத்திட்டம்."

"சங்கத்து மண்டபத்தையா?"

"ஆருட தங்கச்சியெண்டாலும் தங்கச்சிதானே ஐயா."

மிளகாய்க்காரப் பெண் சிரித்துக்கொண்டே, "வாங்க, உள்ளுக்கு வந்து இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டாள். இரண்டாவது மண்டபம் கோயில் பக்கம் இருந்தது. அதன் கதையும் அதேதான், தங்கச்சி மட்டும் வேறு. அங்கேயும் தேத்தண்ணீர் குடித்தோம். புத்தகம் வைக்க என்று சுவரில் விட்டிருந்த மாடத்தில் ஊறுகாய்ச் சாடிகள் இருந்தன.

அன்று சாயங்காலம்தான் கணபதிப்பிள்ளை எனக்கு ஊர் வழக்கத்தை முழுசாகச் சொன்னான். இந்தப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. கலியாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். தகப்பனும் அண்ணன் தம்பிகளும் பாடுபடுவதெல்லாம் பெண்ணுக்கு ஒரு வீடு எழுப்பத்தான். புது மாப்பிள்ளை வந்த வீட்டில், கலியாணமாகாத அண்ணன் இரவில் பாயைப் போட்டுக்கொண்டு கிடப்பது மரியாதை இல்லை. அவன் பள்ளிக்கூட விறாந்தையில் படுப்பான், கரையில் ஏற்றிய தோணியில் படுப்பான், நண்பன் கடையில் படுப்பான். தனக்குக் கலியாணமானால்தான் ஒரு கூரை, அதுவும் பெண்டாட்டியின் கூரை. "அதுதான் சொன்னனே, இது அன்னத்திட வீடு எண்டு" என்றான்.

பாலத்தின்மேல் வரிசையாக நிற்கிறவர்கள் எனக்கு அப்போதுதான் புரிந்தார்கள். பாயோடு ஒட்டவைப்பது இருக்கட்டும், இவர்களுக்குப் பாயை விரிக்கவே இடம் இல்லை. 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் ஊரில் இரண்டையும் தனித்தனிக் கஷ்டமாகச் சொல்வார்கள். இங்கே இரண்டும் ஒரே கஷ்டம்.

என் முதல் பிளானைக் கிழித்துப் போட்டேன். கோயில் பேரில் எழுதிவிட்டால் யாரும் தொட மாட்டார்களே என்று யோசனை சொன்னேன். "ஐயோ, வேணாம்" என்று கணபதிப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். கோயில் என்றால் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் கிளைக்கு, முதல் மரியாதை என்று கேள்வி வரும். அதைத் தீர்ப்பதற்குள் மண்டபம் கறையான் தின்றுவிடும் என்றான். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: யாராலும் குடித்தனம் பண்ண முடியாத ஒரு கட்டிடத்தை வரைய வேண்டும்.

அடுத்த நாள் மீதி ஓடும் மரமும் விசாரிக்கக் காத்தான்குடிக்குப் போனோம். சாமித்தம்பியின் பஸ்ஸில்தான். அங்கே மீராலெவ்வை என்ற ஓட்டு வியாபாரி, மனிதர் மகா கலகலப்பு. வியாபாரத்துக்கு முன்னால் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி எல்லோருமாக உட்கார்ந்து, ஒரே தட்டில் கையிட்டுச் சாப்பிட்டோம். மதுரையில் என் சொந்தத் தம்பியோடுகூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. இறைச்சி ஆணம், அதாவது குழம்பு, அபாரம். பக்கத்தில் இருந்தவர் நல்ல துண்டுகளையெல்லாம் பேசாமல் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"முந்தின ரெண்டு மண்டபத்துக்கும் ஓடு நான்தான் குடுத்த," என்றார் மீராலெவ்வை. "இந்தத் தரமாச்சும் மண்டபமா நிக்குமா, இல்லாட்டி மறுகாவும் வீடாகுமா? உண்மையச் செல்லுங்க. வீட்டுக்கெண்டா நல்ல ஓடு தாறன், மண்டபத்துக்கெண்டா கறை புடிச்ச ஓடு போதும்."

கறை பிடித்ததே போதும், சல்லிசாக வரும் என்றேன். உங்கள் ஊரிலும் இதே வழக்கம்தானா என்று கேட்டேன்.

"பின்ன? எனக்கு மூணும் பொம்புளப் புள்ளைகள். மூணு வீடு கட்டிட்டன். இப்ப நானும் பொஞ்சாதியும் கடைக்குப் பின்னால இரிக்கம். ஊரெல்லாம் ஓடு விக்கிறவன்ட தலைக்கு மேல கிடுகு. அல்லாட கிருபை, ஒழுக்கு மட்டும் இல்ல." சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஒரு கிழவர் மட்டும் இறங்க மாட்டேன் என்றார். "காசு குடுத்தது இருந்து போகத்தான், தள்ளிப் போக இல்ல" என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் பட்டது. அவரையும் சேர்த்துத் தள்ளினோம். கடைசியில் சாமித்தம்பி பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டான். பின் ஆசனத்தின் அடியில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தகரப்பெட்டி இருந்தன. யாருடையது என்று கேட்டேன்.

"எண்டதான் ஐயா. தங்கச்சி பெரிய புள்ளையானாப் பிறகு வீட்டில இடம் காணாது. பஸ்ஸுக்குள்ளதான் படுக்கிற. மாரிக்கு மட்டும் கொஞ்சம் ஒழுகும்." தலையை வெளியே எடுக்காமலேயே மேலும் சொன்னான்: "வெல்லாவெளியில ஒரு போடியார் வீட்டில இருந்து தங்கச்சிக்குச் சம்பந்தம் கேட்டு வாறாங்க. வாற கிழமை மாப்பிள்ளைட தாய் வீடு பாக்க வாறா." போடியார் என்றால் பெரிய வயற்காரர்.

"சாமித்தம்பி, மறுபடியும் வேண்டாம்டா" என்றேன்.

"இல்ல ஐயா. இந்தத் தரம் இல்ல. சத்தியம்." என்ஜின் அப்போது உயிர் பெற்று உறுமியது.

என் இரண்டாவது பிளான் தயாராயிற்று. நீளமாக ஒரே கூரை. அறை கிடையாது. சுவர் கிடையாது. கதவு கிடையாது. முக்கியமாகக் குசினி கிடையாது. ஆற்றுப் பக்கம் முழுக்கத் திறந்துகிடக்கும். சுற்றிலும் உட்காரவும் படுக்கவும் அகலமான கட்டை மதில். கூரைக்கடியில் அவரவர் பாயும் பெட்டியும் வைக்க ஒரு பரண். ஓட்டுக்கும் மரத்துக்கும் கொஞ்சம் செங்கலுக்கும் மேல் எதுவும் தேவை இல்லை. இதற்குள் எந்தப் பெண்ணை அழைத்துவந்து குடிவைக்க முடியும்? வாலிபர்கள் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். "இத ஆருக்கும் குடுக்க ஏலா!" என்று ஒருவன் கூவினான். என் பிழைப்பில் எந்தக் கட்டிடத்துக்கும் அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. நாள் பார்த்து, கயிறு பிடித்து, குழி தோண்ட அடையாளம் வைத்தோம்.

இடையில் ஒரு நாள் என்னைத் தோணியில் ஏற்றிப் பாடுமீன் கேட்கக் கூட்டிப் போனார்கள். தோணி சேற்றில் தட்டி நின்றது. காதைத் தண்ணீரில் வைத்தேன். என் வயிறு இரைவதுதான் கேட்டது.

வெல்லாவெளி அம்மாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். பருத்த உடம்பு, கூர்மையான கண். கணபதிப்பிள்ளையும் நானும் சங்கத்தில் நாலைந்து பேரும் முற்றத்தில் இருந்தோம். பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் அவன்தான் அங்கே பேச வேண்டியவன். அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து, கிடுகுக் கூரையைப் பார்த்தார். மண் சுவரைப் பார்த்தார். பிறகு வேலியோரத்து அடுக்கைப் பார்த்தார்.

"ஓடு கிடக்கு. எதுக்கு?"

கணபதிப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். அதற்குள் சாமித்தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டான்: "தங்கச்சிட வீட்டுக்குத்தான் மாமி."

நான் சங்கத்தாரைப் பார்த்தேன். பாவிகள், ஒருவன் பாக்கி இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்! "ஓம், வீட்டுக்குத்தான்." "ஆத்தங்கரையில கட்டப் போறம்." "அடையாளமும் வைச்சாச்சி." எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தைச் சுருட்டி ஆற்றில் எறியலாம் என்றிருந்தது. குசினி இல்லாமல் வரைந்து என்ன பயன்? கட்டாத கட்டிடத்தின் ஓடுகளையே இவர்கள் கொடுத்துவிடுகிறார்கள்! எந்த ஓவர்சியரும் இதற்கு ஒரு பூட்டு வரைய முடியாது.

ஆனால் சாமித்தம்பியின் முகத்தைப் பார்த்தபோது ஆத்திரம் தணிந்துவிட்டது. எனக்கும் மீனாட்சி என்று ஒரு தங்கை உண்டு. நகை போட்டுச் சிவகங்கைக்கு அனுப்பினோம். வீடு எனக்கு. புருஷன் வீட்டில் மனஸ்தாபம் வந்து ஒருமுறை அவள் திரும்பி வந்தபோது, தான் பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. அதற்காக ஒருவன் பஸ்ஸில் படுக்கிறான்.

அப்போது தங்கம் வட்டாவைக் கொண்டுவந்து அந்த அம்மாள் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் போகவில்லை.

"மாமி, ஒரு விசயம் கேக்கணும். குறை நினைக்காதீங்க." தன் தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்த ஆத்தங்கரைக் காணி ஆருக்கு?"

"உனக்குத்தான் புள்ள" என்றாள் தாய், ஒன்றும் புரியாமல்.

"அப்ப அதில எழும்புறதும் எனக்குத்தானே. அம்மான், உங்களுக்கும் அண்ணனுக்கும் சங்கத்துக்கும் சொல்றன். இம்மட்டு நாளும் அளந்தீங்க, கயிறு பிடிச்சீங்க, ஆரும் என்ட்டக் கேக்கல்ல." உண்மைதான். நான் அந்த நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தேன்; நிலத்துக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"மண்டபத்தைக் கட்டுங்க. கட்டி, எண்ட சீதனத்தில எழுதுங்க. சீதனம் குடுத்தாப் பிறகு அதத் திருப்பி எடுத்து இன்னொருவருட தங்கச்சிக்குக் குடுக்க ஏலா. அது மண்டபமாவே கிடக்கட்டும். நான் இந்த வீட்டில இரிக்கன்."

வெல்லாவெளி அம்மாள் மடித்த வெற்றிலையைக் கையிலேயே வைத்திருந்தார். "அப்ப எண்ட மகன் இந்தக் கிடுகுக்குள்ளயா வந்து இரிக்கிற?"

"நான் இரிக்கிற இடத்தில அவரும் இரிக்கலாம்தானே மாமி." தங்கத்தின் குரல் அங்கேதான் உடைந்தது. "எண்ட அண்ணன் பஸ்ஸுக்குள்ள படுக்கிறார். மழைக்கு நனைஞ்சிட்டு விடியச் சாமத்தில கோப்பிக்கு வாறார். அவர்ட ஓடுகளை எண்ட தலைக்கு மேல போட்டுக்கொண்டு எனக்கு எப்பிடி நித்திரை வரும்?"

கணபதிப்பிள்ளை எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "அம்மான் நான் சொல்றன். எனக்குச் சம்மதம்" என்றான்.

அந்த அம்மாள் வெற்றிலையை வட்டாவில் திருப்பி வைத்தார். கோபமா, வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றம்" என்று வண்டியில் ஏறினார். போட்டுக்கொள்ளாமல் திரும்ப வைத்த வெற்றிலைக்கு இங்கே அர்த்தம் உண்டு என்று எல்லோர் முகத்தையும் பார்த்தே தெரிந்துகொண்டேன். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் கெடுத்திட்டன்" என்று சாமித்தம்பி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் தங்கம் என்னிடம் வந்தாள். அழுத முகம்தான்; பேச்சில் தயக்கம் இல்லை. "ஐயா, தெருப்பக்கம் ஒரு சுவர் வைக்க ஏலுமா?"

"எதற்கம்மா?"

"பகலில இவங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. மண்டபம் சும்மாதானே கிடக்கும். நாங்க அஞ்சாம் வகுப்போட நிண்ட புள்ளைகள் கனபேர் இரிக்கம். புத்தகம் கொண்டுவந்து வாசிப்பம், தைப்பம். தெருவில போறவங்க பாக்காம இருந்தாப் போதும்."

மாரிக்காலச் சாரலுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர் வைக்க எனக்கும் ஆசைதான். செங்கல் போதாது என்று விட்டிருந்தேன். கட்டை மதிலைக் குறைத்தால் சுவருக்குச் செங்கல் கிடைக்கும். உட்காரத் தென்னம்பலகை போட்டுக்கொள்ளலாம். காகிதத்தில் ஒரே ஒரு கோடு அதிகமாக இழுத்தேன். சங்கத்தார் வந்து பார்த்தபோது தலையைச் சொறிந்தார்கள். "காணிக்காரி சொன்னால் போட வேண்டியதுதானே" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. நான் ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. போவதற்குள் முதல் தூணாவது நட்டுவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். குழிகள் தோண்டினார்கள். தங்கத்தின் தாய் வாசலில் உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்க்காமலே இருந்தாள். மண்டபம் வந்தது, மகளின் வாழ்வு போயிற்று என்று அவள் நினைத்தால் அதில் தப்பு என்ன?

வெயில் ஏறிய நேரத்தில் தெருவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னொரு வண்டி. இரண்டிலும் முதிரை மரம், நீள நீளமாக, தோல் சீவி, தூணுக்கென்றே வெட்டியது. முதிரை என்றால் இரும்பு. என் தென்னந்தூண்கள் அதன் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லை.

"வெல்லாவெளிப் போடியார் வீட்டில இருந்து," என்றான் வண்டிக்காரன், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மாப்பிள்ளைதான் காட்டுக்குப் போய் நிண்டு வெட்டினது. தாய்க்காரி ரெண்டு நாளா அவரோட கதைக்கல்ல. மறுகா, ஏத்தடா எண்டு அவவே சொல்லிட்டா."

சாமித்தம்பி கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டான். கணபதிப்பிள்ளை வண்டிக்காரனை நெருங்கினான். "வீட்டுக்கெண்டு அனுப்பினாங்களா, மண்டபத்துக்கெண்டு அனுப்பினாங்களா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லல்ல மாஸ்டர்," என்றான் வண்டிக்காரன். "ரெண்டும் அந்தப் புள்ளைட காணிதானாமே. எங்க இறக்கிறதெண்டு அவவத்தான் கேக்கச் சொல்லி மாப்பிள்ளை சொன்ன."

எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினோம். தங்கம் அங்கே நின்றிருந்தாள். வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, ஆற்றங்கரையில் நாங்கள் தோண்டியிருந்த குழிகளைக் காட்டினாள். அவள் தாய் எழுந்து நின்று குரவையிட்டாள். அடுத்த வளவிலிருந்து ஒரு குரவை, அதற்கடுத்த வளவிலிருந்து ஒன்று. முதல் மண்டபத்து மிளகாய்க்காரப் பெண்ணும் குழந்தையை இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழிகளை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கச் சொன்னேன். முதிரைத் தூண் கனமானது.